மரம் வெட்ட வருபவரின் லிஃப்ட் நம்பகமானதா? வீட்டுக்காரர் அறிந்திருக்க வேண்டியவை

பனி கரைந்து சித்திரை பிறந்ததும் எமது வீடுகளில் மரங்களைப் பற்றிய பேச்சும் தொடங்கிவிடும். காய்ந்த கொப்பு ஒன்று கூரைக்கு மேலே தொங்கிக்கொண்டிருக்கும். பின்வளவில் நின்ற ஆஷ் மரம் இந்த முறை துளிர்க்காமல் நிற்கும். "தெரிந்த பெடியன் ஒருவன் இருக்கிறான், கைக்காசு கொடுத்தால் மலிவாக வெட்டித் தருவான்" என்று யாராவது ஒருவர் சொல்வார். அந்தப் பெடியன் எதில் ஏறி நின்று வெட்டப் போகிறான் என்று பெரும்பாலும் ஒருவரும் கேட்பதில்லை. இம்முறை எமது சுகாதாரப் பகுதியில் அந்தக் கேள்வியையே எடுத்துக்கொள்கிறோம்.

நீரிழிவு, இரத்த அழுத்தம் பற்றி வழமையாக எழுதும் பக்கத்தில் இயந்திரத்தைப் பற்றி என்ன எழுத்து என்று சிலர் நினைக்கலாம். காரணம் எளிது. 20 அடி உயரத்திலிருந்து விழும் ஒருவர் நிலத்தை அடையும்போது அவருடைய வேகம் மணிக்கு ஏறக்குறைய 39 கிலோமீற்றர். தலை, முள்ளந்தண்டு, இடுப்பெலும்பு ஆகிய மூன்றும் அந்த வேகத்தைத் தாங்கக் கூடியவை அல்ல. விழுந்த பிறகு வைத்தியர்கள் செய்யக் கூடியது ஓரளவுதான். விழாமல் தடுப்பதற்கு நாம் செய்யக் கூடியவை பல. அவற்றில் பெரும்பாலானவை நிலத்தில் நின்றபடியே, வேலை தொடங்குமுன் செய்யக் கூடியவை.

ஊர் மரமும் இந்த நாட்டு மரமும்

பனை, தென்னை ஏறுவதை நாம் சிறுவயதில் பார்த்து வளர்ந்தவர்கள். தளநாரைக் காலில் மாட்டிக்கொண்டு ஒருவர் சில நிமிடங்களில் உச்சிக்குப் போய்விடுவார். அதனால் மரம் ஏறுவது பெரிய விடயம் இல்லை என்ற எண்ணம் எமக்குள் ஊறிக் கிடக்கிறது. ஆனால் பனைக்கும் தென்னைக்கும் கிளை இல்லை. வெட்டுவது ஒரு குலை அல்லது ஒரு மட்டை. ஏறுபவரும் அதையே பரம்பரைத் தொழிலாகப் பழகியவர். அப்படிப் பழகியவர்களிலும் விழுந்து இடுப்புக்குக் கீழே வழங்காமல் போனவர்களை எமது ஊர்கள் அறியும்.

றிச்மண்ட் ஹில்லில் எமது வளவுகளில் நிற்பவை மேப்பிள், ஓக், ஆஷ், ஸ்புரூஸ் போன்ற மரங்கள். ஓர் அடி விட்டமும் ஆறரை அடி நீளமும் உள்ள பச்சை மேப்பிள் துண்டு ஒன்று 100 கிலோவுக்கு மேல் நிறை இருக்கும். அது 8 மீற்றர் உயரத்திலிருந்து விழுந்தால் மணிக்கு சுமார் 45 கிலோமீற்றர் வேகத்தில் நிலத்தை அடிக்கும். வெட்டுபவர் நிற்கும் இடம் அசையாமலும், அந்தத் துண்டின் பாதைக்கு வெளியிலும் இருக்க வேண்டும். இதற்காகத்தான் இந்த நாட்டில் லிஃப்ட் பயன்படுத்துகிறார்கள்.

ஆஷ் மரங்களின் கதை தனியானது. எமரால்ட் ஆஷ் போரர் என்னும் பச்சை வண்டு 2002 இல் டெற்றொயிற், வின்சர் பகுதிகளில் கண்டறியப்பட்டது. 2007 இல் ரொறன்ரோவில் காணப்பட்டு, பின்னர் யோர்க் பிராந்தியமெங்கும் பரவியது. இதன் புழுக்கள் மரப்பட்டைக்கு அடியில் சுரங்கம் அறுப்பதால் மரத்தின் நீரோட்டம் அறுபட்டு, சில ஆண்டுகளில் மரம் பட்டுவிடும். பட்ட ஆஷ் விரைவாக உலர்ந்து, எந்த இடத்தில் முறியும் என்று ஊகிக்க முடியாதபடி உடையக் கூடியதாகிவிடும். கயிறும் பட்டியும் கட்டி ஏறுவதில் கைதேர்ந்த தொழிலாளர்கள் கூட இத்தகைய மரத்தில் ஏற மறுப்பார்கள். ஏனெனில் கயிறு கட்டப்படுவது அந்த மரத்திலேயே. மரத்தில் எங்கும் தங்கியிராத லிஃப்ட் இங்கே அவசியமாகிறது.

புயல்களும் எமக்குப் பாடம் சொல்லியிருக்கின்றன. 2013 டிசம்பரில் ரொறன்ரோ பெரும்பாகத்தைத் தாக்கிய உறைபனி மழையில் கிளைகள் பனிக்கட்டியின் பாரம் தாங்காமல் முறிந்து மின்கம்பிகளில் விழுந்தன. ரொறன்ரோ நகரில் மட்டும் சுமார் 3 இலட்சம் மின் இணைப்புகள் அறுந்தன. 2022 மே 21 அன்று தென் ஒன்ராறியோவைக் கடந்த சூறைக்காற்றில் குறைந்தது பத்துப் பேர் உயிரிழந்தனர். அவர்களில் பெரும்பாலானோர் மரங்கள் விழுந்ததால் இறந்தவர்கள். இத்தகைய புயலுக்கு மறுநாள் எல்லோருக்கும் அவசரம். தெரிந்தவர், தெரியாதவர் என்று பலரும் செயின்சோவுடன் வாசலில் வந்து நிற்பார்கள். தவறான தெரிவுகள் அந்த நாட்களில்தான் அதிகம் நடக்கும்.

ஏணி ஏன் கூடாது?

வீட்டில் ஏணி இருக்கிறது, வாள் இருக்கிறது, நானே வெட்டிவிடுவேன் என்று நினைக்கும் அப்பாக்களுக்கும் தாத்தாக்களுக்கும் சில வார்த்தைகள்.

ஏணியை ஒரு கொப்பில் சாய்த்து, அதன் நுனிப் பக்கத்தை வெட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நுனிப் பாரம் கழன்றதும் கொப்பு மேலே எழும்பும். ஏணிக்கு இருந்த சாய்வு போய்விடும். அல்லது வெட்டிய துண்டு ஊஞ்சல் போல ஆடி வந்து ஏணியின் காலில் அடிக்கும். இரண்டு கைகளும் வாளில் இருப்பதால் பிடித்துக்கொள்ளக் கையும் இல்லை.

உடல்நிலையும் இதில் சேர்ந்துகொள்கிறது. எமது சமூகத்தில் நீரிழிவு அதிகம். நீண்டகால நீரிழிவினால் பாதத்தின் உணர்ச்சி குறைந்தவருக்கு ஏணிப் படியில் கால் சரியாகப் பதிந்திருக்கிறதா என்பது தெரியாது. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர்களில் சிலருக்கு, குனிந்து நிமிரும்போதும் தலையை அண்ணாந்து பார்க்கும்போதும் தலைசுற்று வரும். இரத்தம் உறையாமல் இருப்பதற்கு மாத்திரை எடுப்பவர் நாலடி உயரத்திலிருந்து விழுந்தாலும் தலைக்குள் இரத்தம் கசியலாம். வெளியே காயம் ஒன்றும் தெரியாது. இவற்றில் ஏதாவது ஒன்று உங்களுக்கு இருந்தால் ஏணியும் வாளும் உங்களுக்குரியவை அல்ல. நிலத்தில் நின்று நீண்ட கைப்பிடி வாளால் எட்டக் கூடிய சிறு கொப்புகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

லிஃப்ட்டில் எத்தனை வகை?

மரவேலைக்குப் பயன்படும் லிஃப்ட்டுகளை வீட்டுக்காரர் அடையாளம் காணத் தெரிந்திருந்தால், வந்திருப்பது பொருத்தமானதா என்பது உடனேயே விளங்கும்.

பக்கெட் ட்ரக்: ட்ரக்கின் மேல் பொருத்தப்பட்ட நீண்ட கை, அதன் நுனியில் ஆள் நிற்கும் வாளி. வீதியோரமும் வாகனப் பாதையோரமும் நிற்கும் மரங்களுக்கு இது மிகப் பொருத்தம். இவற்றில் சிலவற்றின் கையில் மின்சாரம் கடத்தாத கண்ணாடியிழைப் பகுதி உண்டு. எல்லா ட்ரக்கிலும் இல்லை.

ஸ்பைடர் லிஃப்ட்: சங்கிலிப் பட்டையில் ஊர்ந்து வந்து, சிலந்தி போல நான்கு கால்களை விரித்து நிற்பது. சில வகைகள் மூன்றடி அகலமான வேலிக் கதவினூடாகவும் நுழையும். வீடுகள் நெருக்கமாக இருக்கும் எமது பகுதியில் பின்வளவு மரங்களுக்கு இது நல்லது. ஆனால் இதன் கை பெரும்பாலும் உலோகம். மின்கம்பிக்கு அருகே இது பாதுகாப்புத் தராது.

இழுத்துச் செல்லும் லிஃப்ட்: வாகனத்துக்குப் பின்னால் கொளுவி வருவது. வாடகைக் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் இந்த வகை. மட்டமான, உறுதியான நிலம் தேவை.

சிசர் லிஃப்ட்: கத்தரிக்கோல் போல விரிந்து நேராக மேலே மட்டும் எழும்புவது. கட்டடத்தினுள் மட்டமான தரையில் வேலை செய்வதற்கு ஏற்றது. புல்தரையில் நிற்கும் மரத்துக்கு இதைக் கொண்டுவந்தால் அவருக்கு வேலை தெரியாது என்று எடுத்துக்கொள்ளலாம்.

இவை தவிர, பயிற்சி பெற்ற ஆர்பரிஸ்ட் ஒருவர் உறுதியான உயிர்மரத்தில் கயிறு கட்டி ஏறி வேலை செய்வதும் முறையானதே. லிஃப்ட் இல்லாமல் வந்தார் என்பதற்காக ஒருவரைக் குறைவாக நினைக்க வேண்டியதில்லை. மரத்தின் நிலையைப் பார்த்து எது பொருத்தம் என்று காரணத்தோடு சொல்பவரே நல்லவர்.

நம்பகமான லிஃப்ட்: பார்க்க வேண்டிய எட்டு விடயங்கள்

புதிய வர்ணம் பூசிய ட்ரக் நம்பகமான ட்ரக் ஆகிவிடாது. கீழே உள்ளவற்றைப் பார்ப்பதற்கு நீங்கள் பொறியியலாளராக இருக்கத் தேவையில்லை.

1. தகட்டில் உள்ள விபரங்கள். ஒவ்வொரு லிஃப்ட்டிலும் உற்பத்தியாளரின் தகடு இருக்கும். எவ்வளவு உயரம், வாளி தாங்கும் நிறை எவ்வளவு, எந்தத் தராதரத்தின்படி செய்யப்பட்டது என்பன அதில் இருக்கும். கனடாவில் வாகனத்தில் பொருத்தப்பட்ட லிஃப்ட்டுகளுக்கு உரிய தராதரம் சி.எஸ்.ஏ. சி225. ஸ்பைடர் லிஃப்ட் போன்றவற்றுக்கு சி.எஸ்.ஏ. பி354. தகடு இல்லாமலோ வாசிக்க முடியாமலோ இருந்தால் அந்த இயந்திரத்தைப் பற்றி எதையும் நம்ப முடியாது.

2. நிறைக் கணக்கு. ஒருவர் நிற்கும் வாளி பொதுவாக 300 முதல் 350 இறாத்தல் வரை தாங்கும். இதில் ஆளின் நிறை, பட்டி, செயின்சோ, கருவிகள் எல்லாம் அடங்கும். வெட்டிய மரத்துண்டை வாளியிலோ லிஃப்ட்டின் கையிலோ தாங்கவைக்கக் கூடாது. ஒருவருக்குரிய வாளியில் இருவர் ஏறினால் வேலையை நிறுத்தச் சொல்லுங்கள்.

3. பரிசோதனைப் பதிவு. கடைசியாக எப்போது தகுதியுள்ளவர் பரிசோதித்தார் என்ற பதிவைக் கேளுங்கள். இதைத் தவிர ஒவ்வொரு நாளும் வேலை தொடங்குமுன் ஒரு பரிசோதனை உண்டு. எண்ணெய்க் குழாய்கள் கசிகின்றனவா, ஒட்டு வேலைகளில் வெடிப்பு உண்டா, ஆணிகள் பூட்டப்பட்டுள்ளனவா என்று பார்த்து, வெறும் வாளியை ஒருமுறை ஏற்றி இறக்கிப் பார்க்க வேண்டும். வந்து இறங்கிய உடனேயே ஆள் ஏறி மேலே போனால் அந்தப் பரிசோதனை நடக்கவில்லை என்பது உங்களுக்கே தெரியும்.

4. கால்களும் நிலமும். லிஃப்ட்டுகள் கவிழ்வதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று இது. விரிக்கும் கால்களை முழுமையாக விரித்து, ஒவ்வொரு காலுக்கும் அடியில் அகலமான பலகை வைக்க வேண்டும். பனி கரையும் காலத்தில் எமது புல்தரை மேலே உறுதியாகத் தெரிந்தாலும் உள்ளே சேறாக இருக்கும். நிலத்தடியில் பழைய கிணறு, கழிவுநீர்த் தொட்டி, அண்மையில் தோண்டி மூடிய குழி ஏதாவது இருந்தால் வீட்டுக்காரர்தான் சொல்ல வேண்டும். மட்டம் காட்டும் கருவியைப் பார்த்துத்தான் வேலையைத் தொடங்க வேண்டும்.

5. உடற்பட்டியும் குறுகிய கயிறும். வாளியின் கைப்பிடிச் சுவர் மட்டும் போதாது. கொப்பில் சிக்கிய லிஃப்ட்டின் கை திடீரென விடுபட்டாலோ, விழும் துண்டு அதில் அடித்தாலோ, கை சவுக்குப் போலத் துள்ளும். கட்டப்படாதவர் கவணிலிருந்து கல் போவதுபோல வெளியே எறியப்படுவார். முழு உடற்பட்டி அணிந்து, லிஃப்ட்டில் அதற்கென உள்ள கொளுவியில் கட்டியிருக்க வேண்டும். வாளியில் நின்றபடி தன்னை மரத்தோடு கட்டுவது தவறு. வாளி நகர்ந்தால் இரண்டுக்கும் நடுவே அவர் இழுபடுவார்.

6. கீழிருந்து இறக்கும் வசதி. மேலேயும் கீழேயும் இரண்டு இடங்களில் கட்டுப்பாட்டுப் பிடிகள் இருக்கும். இயந்திரம் நின்றுபோனாலும் வாளியை இறக்க ஓர் அவசர வழி இருக்கும். கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: "மேலே நிற்பவர் மயங்கினால் யார், எப்படி இறக்குவீர்கள்?" பட்டியில் அசையாமல் தொங்குபவருக்கு இரத்தம் கால்களில் தேங்கி, மூளைக்கும் இதயத்துக்கும் போவது குறையும். சில நிமிடங்களிலேயே உயிராபத்து ஏற்படலாம். எனவே கீழே நிற்பவர்களில் ஒருவராவது அந்தப் பிடிகளை இயக்கப் பழகியிருக்க வேண்டும். தனியாக வந்து தனியாக மேலே போகிறவருக்கு வேலையைக் கொடுக்காதீர்கள்.

7. காற்று. வெளியில் பயன்படும் பல லிஃப்ட்டுகளுக்கு எல்லை விநாடிக்கு 12.5 மீற்றர், அதாவது மணிக்கு 45 கிலோமீற்றர். புயலுக்கு மறுநாள் காற்று அடங்குவதற்கு முன்பே வெட்டித் தருகிறேன் என்பவர் உங்களுக்கு உதவி செய்யவில்லை.

8. கீழே நிற்கும் இடம். கொப்பு விழும் வட்டத்தைச் சுற்றி அடையாளம் வைத்து, ஆட்களைத் தள்ளி நிறுத்த வேண்டும். அன்றைக்குப் பிள்ளைகள் வீட்டுக்குள் இருக்கட்டும். வேலை செய்பவருக்குத் தேநீர் கொண்டுபோவதாக இருந்தாலும், செயின்சோ நின்ற பிறகு, அவர்கள் கை காட்டிய பிறகு மட்டும் போங்கள்.

மின்கம்பி: மூன்று மீற்றர் விதி

ஒன்ராறியோவின் கட்டுமான விதிகளின்படி 750 வோல்ற் முதல் 1,50,000 வோல்ற் வரையான மின்கம்பிக்கு ஆளோ கருவியோ 3 மீற்றருக்குள் போகக் கூடாது. அதற்கு மேற்பட்ட 2,50,000 வோல்ற் வரை 4.5 மீற்றர், அதற்கும் மேல் 6 மீற்றர். வீட்டுக்காரர்களுக்கும் 3 மீற்றர் தள்ளி நிற்கும்படியே ஒன்ராறியோ மின்பாதுகாப்பு அதிகாரசபை அறிவுறுத்துகிறது. பத்தடி என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வீதிக் கம்பத்திலிருந்து எமது வீட்டுக்கு வரும் கம்பியின் மேலுள்ள கறுப்பு உறையையும் நம்பக் கூடாது. வெயிலிலும் பனியிலும் கிடந்து அது வெடித்திருக்கலாம்.

"எங்களுடைய ட்ரக் மின்சாரம் கடத்தாதது" என்று சொல்பவர்களும் உண்டு. கண்ணாடியிழைக் கை, வாளியிலிருந்து ட்ரக் வழியாக நிலத்துக்கு மின்சாரம் பாய்வதை மட்டுமே தடுக்கும். மேலே நிற்பவர் ஒரு கையால் கம்பியையும் மறுகையால் இன்னொரு கம்பியையோ ஈரக் கொப்பையோ தொட்டால், மின்சாரம் அவருடைய நெஞ்சினூடாகவே போகும். லிஃப்ட்டின் கை அங்கே ஒன்றும் செய்யாது. தூசியும் ஈரமும் எண்ணெயும் படிந்த கை, தடுக்க வேண்டியதையும் தடுக்காது. அதனால்தான் மின்காப்பு உள்ள லிஃப்ட்டுகளுக்கு மின்தாங்கு பரிசோதனை குறித்த காலத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டும். அந்தச் சான்றிதழின் திகதியைக் கேட்டுப் பாருங்கள்.

மரம் கம்பிக்கு அருகில் இருந்தால் முதலில் மின் நிறுவனத்தை அழையுங்கள். றிச்மண்ட் ஹில்லில் மின்சாரம் வழங்குவது அலெக்ட்ரா. கம்பிக்கு அருகே வெட்டுவது அதற்கெனப் பயிற்சி பெற்றவர்களின் வேலை.

ஒரு கிறிஸ்மஸ் நாளுக்கு முந்திய மாலை

2009 டிசம்பர் 24 அன்று ரொறன்ரோவின் கிப்ளிங் அவெனியூவில் உள்ள மாடிக் கட்டடம் ஒன்றின் பல்கணிகளைத் திருத்தும் வேலை நடந்தது. மாலையில் வேலை முடிந்து இறங்குவதற்காக ஆறு தொழிலாளர்கள் தொங்குமேடையில் ஏறினார்கள். அங்கே இருந்த பாதுகாப்புக் கயிறுகள் இரண்டுதான். 13 ஆம் மாடி உயரத்தில் மேடை உடைந்தது. நால்வர் இறந்தனர். ஒருவர் படுகாயங்களுடன் உயிர் தப்பினார். முறையாகக் கட்டியிருந்தவர் காயமின்றித் தொங்கிக்கொண்டிருந்தார். அவர்களில் பலர் இந்த நாட்டுக்குப் புதிதாக வந்தவர்கள்.

நிறுவனத்துக்கு விதிக்கப்பட்ட தண்டப் பணத்தை மேன்முறையீட்டு நீதிமன்றம் 2013 இல் 7,50,000 டொலராக உயர்த்தியது. திட்ட முகாமையாளருக்கு 2016 இல் மூன்றரை ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. இந்த விபத்துக்குப் பின்னரே உயரத்தில் வேலை செய்வதற்கான பயிற்சி, 2015 ஏப்ரல் 1 முதல், ஒன்ராறியோவின் கட்டுமானத் துறையில் கட்டாயமாக்கப்பட்டது.

அது மரவேலை இல்லை. ஆனால் பாடம் ஒன்றே. மேடையும் பழுது, கயிறும் குறைவு, அவசரமும் சேர்ந்துகொண்டது. இவற்றில் எதுவும் மறைந்திருந்த விடயம் அல்ல. கீழே நின்று ஆட்களையும் கயிறுகளையும் எண்ணிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அந்த எண்ணிக்கையைத்தான் எமது வளவில் நாம் செய்ய வேண்டும் என்கிறோம்.

வாடகைக்கு எடுத்து நாமே வெட்டலாமா?

கடையில் லிஃப்ட் வாடகைக்குக் கிடைக்கும். கூரைத் தாழ்வாரத்தில் மின்விளக்கு மாட்டுவதற்கு, உரிய பயிற்சியுடன், அது பயன்படலாம். செயின்சோவுடன் மரம் வெட்டுவதற்கு எடுக்க வேண்டாம் என்பதே எமது கருத்து. வாடகை லிஃப்ட் பெரும்பாலும் மின்காப்பு இல்லாதது. அதை இயக்குவதற்கு ஒரு பழக்கமும், துண்டு எந்தப் பக்கம் ஆடும் என்று கணிப்பதற்கு இன்னொரு பழக்கமும் வேண்டும். சனிக்கிழமை காலை ஒன்றில் இரண்டும் வந்துவிடாது.

ஒப்பந்தக்காரரிடம் கேட்க வேண்டிய பத்திரங்கள்

லிஃப்ட் எவ்வளவு நல்லதானாலும் அதை இயக்குபவரின் தகுதியும் சேர்ந்தால்தான் அது நம்பகமானது. கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். நல்ல நிறுவனங்கள் இவற்றைக் கேளாமலே காட்டும்.

• ஆர்பரிஸ்ட் தகுதி. ஒன்ராறியோவில் இது தொழில் பழகுநர் பயிற்சி உள்ள ஒரு தொழில். ஆனால் கட்டாயமான தொழில் அல்ல. அதாவது சான்றிதழ் இல்லாதவரும் ட்ரக்கில் பெயர் எழுதிக்கொண்டு வரலாம். சர்வதேச மரப் பராமரிப்புச் சங்கமான ஐ.எஸ்.ஏ. வழங்கும் சான்றிதழ் இருந்தால், அதன் இலக்கத்தைச் சங்கத்தின் இணையத்தளத்தில் சரிபார்க்கலாம்.

• தொழிலாளர் காப்புறுதி. டபிள்யூ.எஸ்.ஐ.பி. எனப்படும் தொழிலிடப் பாதுகாப்பு, காப்புறுதிச் சபையின் அனுமதிச் சான்றிதழைக் கேளுங்கள். அது நடப்பில் உள்ளதா என்று சபையின் இணையத்தளத்தில் நீங்களே பார்க்கலாம்.

• பொறுப்புக் காப்புறுதி. கொப்பு பக்கத்து வீட்டுக் கூரையில் விழுந்தால் யார் கொடுப்பது? பத்திரத்தின் பிரதியையும் முடிவுத் திகதியையும் பாருங்கள். உங்கள் வீட்டுக் காப்புறுதி நிறுவனத்திடமும் ஒரு வார்த்தை கேட்டுவையுங்கள். உங்கள் வளவில் ஒருவர் காயப்பட்டால் வழக்கு உங்கள் பெயருக்கும் வரலாம்.

• எழுத்தில் விலை. எந்த மரம், எந்த லிஃப்ட், எத்தனை பேர், கழிவை அகற்றுவது யார், அடிக்கட்டையை அரைப்பது யார் என்பன எழுத்தில் இருக்கட்டும். அடிக்கட்டையை அரைப்பதற்கு முன் நிலத்தடிக் குழாய்களையும் கம்பிகளையும் அடையாளம் காட்ட ஒன்ராறியோ வன் கோல் சேவையை அழைக்க வேண்டும். வீட்டுக்காரருக்கு அது இலவசம்.

நகரசபையின் அனுமதியையும் மறக்க வேண்டாம். றிச்மண்ட் ஹில்லில் மரப் பாதுகாப்புத் துணைவிதி உண்டு. 20 சென்ரிமீற்றர் அல்லது அதற்கு மேற்பட்ட விட்டமுள்ள மரத்தைத் தனியார் வளவிலும் அனுமதியின்றி வெட்டக் கூடாது. பட்ட மரமானாலும் முதலில் நகரசபையிடம் கேளுங்கள். வீதியோரத்தில் நிற்பது நகரசபையின் மரம். அதில் நாம் கைவைக்கக் கூடாது. எல்லைக் கோட்டில் நிற்கும் மரம், ஒன்ராறியோ வனச் சட்டத்தின்படி, இரு வீட்டாருக்கும் பொதுவானது. அயலவரின் சம்மதம் இல்லாமல் வெட்டுவது குற்றம்.

விபத்து நடந்துவிட்டால்

முதலில் மேலே பாருங்கள். கம்பி அறுந்திருந்தாலோ, லிஃப்ட் கம்பியில் முட்டியிருந்தாலோ 10 மீற்றருக்குள் போகாதீர்கள். காப்பாற்ற ஓடியவரும் இறந்துபோகும் விபத்து இதுதான். 911 ஐ அழைத்து மின்கம்பி என்று சொல்லுங்கள். ட்ரக்கில் உள்ளவர் உள்ளேயே இருக்க வேண்டும். தீப்பிடித்து இறங்கியே ஆகவேண்டும் என்றால், ட்ரக்கையும் நிலத்தையும் ஒரே நேரத்தில் தொடாமல், இரு கால்களையும் சேர்த்துக் குதித்து, பாதங்களை நிலத்திலிருந்து எடுக்காமல் அரக்கி அரக்கி விலக வேண்டும்.

மின்சாரம் இல்லை என்றால், மரத்திலிருந்து இன்னும் ஏதாவது விழுமா என்று பார்த்துவிட்டு அருகே போங்கள். விழுந்தவரைத் தூக்கி இருத்த வேண்டாம். எமது ஆட்கள் உடனே தூக்கி இருத்தித் தண்ணீர் பருக்குவார்கள். முள்ளந்தண்டு முறிந்திருந்தால் அந்தத் தூக்குதலே கால்களை நிரந்தரமாகச் செயலிழக்கச் செய்யலாம். தலையையும் கழுத்தையும் அசையாமல் பிடித்துக்கொண்டு, மூச்சைக் கவனியுங்கள். மூச்சு இல்லையென்றால் 911 இல் பேசுபவர் சொல்வதுபோல நெஞ்சை அழுத்துங்கள். இரத்தம் ஓடினால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். குடிக்கவோ சாப்பிடவோ ஒன்றும் கொடுக்காதீர்கள். சத்திரசிகிச்சை தேவைப்படலாம். பட்டியில் தொங்குபவருக்கு அறிவு இருந்தால், கால்களை அசைக்கச் சொல்லிக்கொண்டே விரைவாக இறக்க வழி பாருங்கள்.

விழுந்தவர் எழுந்து "எனக்கு ஒன்றுமில்லை" என்று சொன்னாலும், தலை அடிபட்டிருந்தால், குறிப்பாக இரத்தம் உறையாமைக்கு மருந்து எடுப்பவராக இருந்தால், அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். வாந்தி, கூடிவரும் தலையிடி, குழப்பமான பேச்சு, அளவுக்கு மீறிய தூக்கம் ஆகியவை ஆபத்தின் அறிகுறிகள்.

எமது பிள்ளைகள் இந்த வேலைக்குப் போனால்

கோடை விடுமுறையில் மாணவர்கள் சிலரும், புதிதாக வந்த இளைஞர்கள் சிலரும் கொப்பு இழுக்கும் வேலைக்குப் போகிறார்கள். கௌரவமான வேலைதான். ஆனால் பயிற்சி இல்லாமல் வாளியில் ஏற்றப்பட்டால் மறுக்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. ஒன்ராறியோவின் தொழிற் சுகாதார, பாதுகாப்புச் சட்டம் ஆபத்தான வேலையை மறுக்கும் உரிமையைத் தருகிறது. அதற்காக வேலையிலிருந்து நிறுத்துவது சட்டவிரோதம். தொழில் அமைச்சின் சுகாதார, பாதுகாப்புத் தொடர்பு நிலையத்தை 1-877-202-0008 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். பெயர் சொல்லாமலும் முறையிடலாம். இந்த இலக்கத்தை வெட்டிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவையுங்கள்.

மலிவான விலைக்கும் முறையான விலைக்கும் உள்ள வித்தியாசம் சில நூறு டொலர்களாக இருக்கலாம், ஓராயிரமாகவும் இருக்கலாம். அந்தப் பணம் நல்ல லிஃப்ட்டுக்கும், பரிசோதனைக்கும், பயிற்சிக்கும், காப்புறுதிக்கும் போகிறது. அதை நாம் கொடுக்காவிட்டால், வாளியில் நிற்பவர் தன் முள்ளந்தண்டை ஈடு வைத்து அந்தக் கழிவை எமக்குத் தருகிறார். அவரும் ஒரு வீட்டின் பிள்ளை.

இந்தப் பக்கத்தை எடுத்து வையுங்கள். அடுத்த முறை ஒருவர் மரம் வெட்ட வரும்போது, விலையைக் கேட்பதற்கு முன் லிஃப்ட்டின் தகட்டைக் காட்டும்படி கேளுங்கள். காட்டுபவரோடு பேச்சைத் தொடருங்கள். வருமுன் காப்போம்.